இரண்டு கப்பல் கொடுத்தாயிற்று

ஈப்போ ரயில் நிலையத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரம்தான். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துத் தமிழர்களை அடைத்துக்கொண்டு சயாமுக்குப் போன சரக்கு வண்டிகள் இந்தத் தண்டவாளத்தில்தான் வடக்கே ஊர்ந்தன. எண்பது ஆண்டுகள் ஆகியும் அந்த விவகாரம் சாலையைத் தாண்டி நீதிமன்றத்துக்குள் வரவில்லை. தூரம் குறைவு, நடுவில் பன்னாட்டுச் சட்டம் படுத்திருக்கிறது.

இதை நினைக்க வைத்தவன் சுங்கை சிப்புட் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் பாட்டன் பால்மரம் வெட்டிய தோட்டம் இப்போது தாமான் ஆகிவிட்டது. சட்டம் முடித்தவனுக்குக் கோலாலம்பூரில் பன்னாட்டு நடுவர் மன்ற வழக்குகள் நடத்தும் நிறுவனத்தில் நேர்முகம்.

“மாமா, இந்தத் துறையில நமக்கு எதிர்காலம் இருக்கா?”

எதிர்காலம் உண்டு தம்பி. இறந்தகாலம்தான் இருக்கக் கூடாது. இருந்தாலும் அது சுல்தானுடைய இறந்தகாலமாக இருக்க வேண்டும்.

1878இல் சூலு சுல்தான் வட போர்னியோவை ஓவர்பெக், டென்ட் என்ற இரண்டு வியாபாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். குத்தகையா, ஒரேயடியாகக் கொடுத்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்காக ஆண்டுக்கு 5,300 வெள்ளி கட்டிவந்த மலேசியா, 2013இல் லகாட் டத்துவில் துப்பாக்கியோடு சூலு ஆட்கள் இறங்கியதும் நிறுத்தியது. வாரிசுகள் என்று எட்டுப் பேர் கிளம்பினார்கள். தேரியம் என்ற லண்டன் நிறுவனம் வழக்குக்கு முதல் போட்டது. ஸ்பானிய நடுவர் கொன்சாலோ ஸ்டாம்பா 2022 பிப்ரவரியில் பாரிஸில் உட்கார்ந்து 1,492 கோடி அமெரிக்க டாலர் என்று தீர்ப்பெழுதினார். லக்ஸம்பர்க்கில் பெட்ரோனாஸ் சொத்துக்கு ஜப்தி வந்தது. அவர் நியமனமே செல்லாது என்று மாட்ரிட் நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. பிறகு அவருக்கே ஆறு மாதச் சிறை விதித்தார்கள். பாரிஸ் நீதிமன்றங்களிலும் மலேசியாவுக்கே வெற்றி. நல்லது. ஆனால் அதற்குள் எத்தனை தலைநகரங்களில் எத்தனை வக்கீல்கள் விருந்து சாப்பிட்டார்கள்! தோற்றவன் வக்கீலுக்கும் பந்தியில் இலை உண்டு. இந்தத் தொழிலில் காகிதத்துக்கு வயதாவதில்லை, தம்பி.

இனி நம் கணக்கு: ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்றே மாத வேலை என்று ஆசைகாட்டினார்கள். மசியாதவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் என்று கூட்டிவைத்துக் கதவைச் சாத்தி அள்ளியதும் உண்டு. பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியக் கூலிகளில் சுமார் 90,000. அதில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரம். முதல் எண்ணுக்குக் காஞ்சனபுரியில் பெயரும் படையணியும் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் எண்ணுக்குச் ‘சுமார்’ என்ற சொல்தான் கல்லறை. இரண்டு ராத்தல் பால் குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் போடத் தெரிந்த உலகத்துக்கு, செத்தவனை எண்ணத் தெரியவில்லை.

இழப்பீடு கேட்டதற்குப் பதில் வந்தது, 1967 செப்டம்பர் 21 அன்று. ஜப்பான் 2.5 கோடி வெள்ளி பெறுமான பொருளும் சேவையும் தருவதாக மலேசியாவோடு ஒப்பந்தம். அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. போர்க்காலச் சங்கடங்கள் எல்லாம் முழுமையாகத் தீர்ந்தன என்று கையெழுத்தும் ஆயிற்று. குடிமகனின் பாட்டை அரசு தன் பாடாக எடுத்துக்கொண்டு, தானே பேரம் பேசி முடித்துவிடலாம்; பன்னாட்டுச் சட்டத்தில் இது முறையான வழி. நாகப்பட்டினத்தில் ஏறி வந்த நாளில் ஒரே ஒரு கப்பலைப் பார்த்தவன் சயாம் காட்டில் மக்கிப்போனான். அவன் உயிருக்கு இன்னும் இரண்டு கப்பல். தோட்டத்து விதவைக்கு அதில் எதை அறுத்துக் கொடுப்பது, நங்கூரத்தையா? பிரிட்டன் 2000ஆம் ஆண்டில் உயிரோடிருந்த தன் போர்க்கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுன் அறிவித்தது. தன் ரப்பருக்காகக் கொண்டுவந்து இறக்கிய சனத்தை அந்தப் பட்டியலில் தேடாதே.

ஒருவர் துணிந்தார். 2007 ஆகஸ்டில் வழக்கறிஞர் வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டன் மீது வழக்குத் தொடுத்தார். சஞ்சிக்கூலியாகக் கொண்டுவந்து 1957இல் அம்போவென்று விட்டுப்போனதற்கு இழப்பீடு 4 லட்சம் கோடி டாலர். நம்மவர்களே கோப்பிக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூலு கணக்குக்கு யாரும் சிரிக்கவில்லை, வக்கீல் வைத்தார்கள். இங்கே வக்கீலுக்குக் காசில்லை. மூத்த வழக்கறிஞர் ஒருவரை நியமித்துத் தரும்படி பிரிட்டிஷ் ராணியிடமே மனு எழுதினார்கள். யார் மேல் வழக்கோ அவர் வீட்டு வாசலிலேயே வக்கீல் பிச்சை! நவம்பர் 25இல் அந்த மனுவைக் கொடுக்கத் திரண்ட கூட்டத்துக்குக் கண்ணீர்ப்புகை. டிசம்பரில், வழக்குக்குப் பின்னால் நின்ற ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர், பெரும்பாலும் வழக்கறிஞர்கள், விசாரணையில்லாமல் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். வெளிநாட்டில் இருந்த வேதமூர்த்தியின் கடப்பிதழும் பிறகு ரத்தாயிற்று. கமுந்திங் எங்கே இருக்கிறது? நம் பேராக்கில்தான், தைப்பிங் பக்கம். தமிழ் வழக்கறிஞருக்கு ஊரோடு வேலை கிடைக்காது என்று யார் சொன்னது?

பையன் வெள்ளைக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்தான். “அப்ப, நேர்முகத்துல என்னதான் சொல்லட்டும் மாமா?”

பன்னாட்டுச் சட்டத்தில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். பூட்டன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று வாயைத் திறந்துவிடாதே. சூலு என்று சொல். ஆண்டுக்கு 5,300 வெள்ளி என்று காசு சுத்தமாகச் சொல். எழுந்து நின்று கைகொடுப்பார்கள்.