மெட்ராஸ் மாறாத இடம்

கேள்வி: நீங்கள் பழைய பம்பாய்வாசியாமே! இரண்டு நாள் வருகிறேன். எங்கே இட்லி சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்?

பதில்: பம்பாய் போயும் இட்லியா! சரி, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளுக்குப் போங்கள். நம் ஊர் 1996-ல் சென்னையாகிவிட்டது. அங்கே மட்டும் 1940 முதல் இன்றுவரை 'கஃபே மெட்ராஸ்'தான். நடத்துவதோ உடுப்பிக்காரர்கள்! ரச வடையும் கேழ்வரகு தோசையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வரிசையில் நின்றே இளைத்துவிடுவீர்கள். திங்கள் விடுமுறை.

செரிக்கவில்லையா? செம்பூர் செட்டா நகர் முருகன் 108 படி வைத்துக் காத்திருக்கிறார்.

தாராவி 90 அடிச் சாலையில் நெல்லைத் தமிழ் காதில் விழும். பொங்கலன்று போனால் தெருவிலேயே பானை பொங்கும். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், கண்காட்சி நடக்கவில்லை. படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.