கீறலிலக்கணம்: பிபிஎஃப் படலத்தை முன்வைத்து

காரின் பெயின்டுக்கு மேல் ஒட்டப்படும் தெளிந்த படலம் பிபிஎஃப் எனப்படும். அப்படலத்தில் விழும் கோடு கீறல் எனப்படும். கீறலைக் கண்ட உரிமையாளர் அன்றிரவு சரியாகச் சாப்பிடாதிருத்தல் அதன் மெய்ப்பாடு. இம்மூன்றுக்கும் உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். துறை புதிது, முன்னோர் நூல் கிடையாது. எனவே எம்மை மறுக்கவும் ஆளில்லை.

முதலில் வரலாறு. 1960களில் வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் பொடிக்கல்லும் அரித்துத் தின்றன. அவற்றைக் காக்க வந்ததுதான் பாலியூரித்தேன் படலம். அங்கிருந்து பந்தயக் கார்களுக்குப் போய், பிறகு சாலைக் கார்களின் மூக்கில் ஏறியது. இன்று வேளச்சேரி அடுக்ககம் ஒன்றின் அடித்தளத்தில், காய்கறி வாங்க மட்டும் கிளம்பும் ஒரு காரை பானட் முதல் டிக்கி வரை போர்த்திக்கொண்டிருக்கிறது. மணற்புயல் எதையும் அது பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் பக்கத்து ஃபிளாட்காரரின் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரைத்தான்.

அடுத்து அளவை. தரமான படலம் 6 முதல் 8 மில் தடிமன் இருக்கும். ஒரு மில் என்பது 25.4 மைக்ரான். ஆக, 150 முதல் 200 மைக்ரான் என்று வையுங்கள். அதற்கு அடியில் இருக்கும் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். காவல்காரன் எஜமானைவிடப் பருமன். சம்பளமும் அப்படியே: முழுக் காருக்கும் நல்ல படலம் ஒட்டினால் பில் லட்சத்தை எட்டிப் பார்க்கும்.

இங்கேதான் ஆய்வுச் சிக்கல் எழுகிறது. கீறல் தன்மேல் விழட்டும் என்றே வாங்கி ஒட்டிய பொருளில் கீறல் விழுந்தால் துக்கம் எதற்கு? இதில் அறிஞர்கள் இரு அணி. ‘படலம் தன் வேலையைச் செய்திருக்கிறது, போய்ச் சாப்பிடு’ என்போர் கடமைவாதிகள். ‘லட்ச ரூபாய் கொடுத்தது இந்தக் கோட்டைப் பார்க்கவா?’ என்போர் லட்சவாதிகள். தர்க்கம் முழுவதும் முதல் அணியின் பக்கமே நிற்கிறது. ஆனால் அந்த அணியில் கார் உடையோர் அரியர். இருப்போரும் தம் காரில் கோடு விழுந்த கணத்தில் கட்சி மாறிவிடுவதை அவதானித்துள்ளோம்.

இனி வகைப்பாடு. கீறல் அகக்கீறல், புறக்கீறல் என இருவகைப்படும். வீட்டார் இழைத்தது அகம். சங்க அகப்பாட்டில் தலைவனின் பெயர் சொல்லப்படாதது போலவே இதிலும் கீறியவர் பெயர் வெளிவருவதில்லை. மைத்துனர் காரை வாங்கிப்போய்த் திருப்பித் தரும் மாலைப்பொழுது இதற்குச் சிறுபொழுது. “மச்சான், இந்தக் கோடு முன்னாடியே இருந்துச்சுல்ல?” என்பது கூற்று. மனைவி அருகில் நிற்பதால் “இருந்திருக்கும்ப்பா” என்பது மாற்றம். புறக்கீறலிலோ பெயர் உண்டு, வண்டி எண் உண்டு, வசை உண்டு, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் உண்டு.

ஆழம் பற்றியும் இருவகை கொள்ளலாம். சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, நகம் போதும். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேல்பூச்சோடு நின்றுவிட்டது. தட்டினால் படலம் வெட்டுப்பட்டிருக்கிறது.

வழுக்கும் வகையில் தலையாயது, டீட்டெய்லிங் கடைக்காரர்கள் ‘ஸ்வர்ல் மார்க்’ என்பது. வெயிலில் பானட்டைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியது போலத் தெரியும். உண்மையில் அங்கே வட்டம் எதுவும் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கோடுகளில் வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. உரிமையாளர் நகர்ந்தால் வலையும் கூடவே நகரும். தோற்றுவாய் தேடியபோது, விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரோடும் ஒரு பழைய பனியனோடும் வரிசையாகப் பல கார்களைத் துடைத்துச் செல்லும் அண்ணனிடம் வந்து நின்றோம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தெருப்புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு; மோஸ் அளவில் அதன் கடினம் 7. ஏழாவது காருக்கு வரும்போது பனியன் உப்புத்தாளாகிவிட்டிருக்கும். வேறு துணி வாங்கிக் கொடுக்க எந்த ஃபிளாட்காரரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

இவ்வகைக்கு மருந்து சூடு. பாலியூரித்தேன் படலங்களில் நல்லவற்றின் மேல்பூச்சு, நசுங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்ப விரும்பும் பின்னல் கொண்டது. சூடுபட்டால் பின்னல் இளகி, கோடு தானே மூடிக்கொள்ளும். மலிவு விலை பிவிசி படலத்தில் இந்த வித்தை நடக்காது. மே மாத மதியம் காரைச் சற்று நேரம் வெயிலில் விட்டால் சூரியன் கூலியில்லாமல் பார்த்துக்கொள்வார். ஆனால் நம் உரிமையாளரோ தனிக் காசு கொடுத்து நிழலில் பார்க்கிங் வாங்கியவர். அவருக்கு வெந்நீர்: கழுவிச் சுத்தமாக்கிய பிறகு, கை பொறுக்காத சூட்டில் கோட்டின்மேல் மெல்ல ஊற்றினால் போதும், கொதிக்க வேண்டியதில்லை. ஹீட் கன் வைத்திருப்போர் அதை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் படலம் கொப்புளிக்கும், விளிம்பு எழும்பும். கோட்டைத் தேடிப் போனவர் குமிழியோடு திரும்புவார்.

நாட்டு வைத்தியமும் உண்டு. பற்பசை தேய்ப்பது முதல் முறை. பற்பசையில் இருப்பது தேய்க்கும் பொடி. அது மேல்பூச்சை மழுங்கடித்து, தானே ஆறும் குணத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். மாட் படலத்தில் தேய்த்தாலோ தேய்த்த இடம் மட்டும் வழவழவென்று பளபளத்து ஊருக்கே காட்டிக்கொடுக்கும். தேங்காயெண்ணெய் தடவுவது இரண்டாம் முறை. கோடு உடனே மறையும், அடுத்த மழையில் மீளும். மைத்துனர்களுக்கு இம்முறை நன்கு தெரியும் என்று கருத இடமிருக்கிறது.

நகம் தட்டும் வகைக்கு வைத்தியம் கிடையாது. அந்தப் பகுதியின் படலத்தை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். உரிக்கும்போதும் சூடுகாட்டித் தாழ்ந்த கோணத்தில் மெல்ல இழுக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் மறுபடி அடித்த பெயின்டாக இருந்தால் படலத்தோடு அதுவும் உரிந்து வரக்கூடும். பெயின்ட் அடியில் நலமாக இருக்கிறது, கோட்டுக்கு எதிரே போய் நின்றாலொழியக் கண்ணில் படாது என்றால், விட்டுவிடுவதே எம் முடிபு. லட்சவாதிகள் இதை ஏற்கமாட்டார்கள்.

புறனடை: படலம் ஒட்டுமுன்பே பெயின்டில் இருந்த கீறலைப் படலம் மறைக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்பொருளாகப் பல ஆண்டுகள் பத்திரமாகக் காத்துத் தரும். வெந்நீர் ஊற்றியும் பயனில்லை.

புதிதாக ஒட்டப்போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் தரும் வாரண்டி அட்டையில் மஞ்சளித்தல், வெடித்தல், குமிழி விடுதல், பெயர்ந்து வருதல் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். கீறலை அதில் தேடிப் பாருங்கள். தேடி முடித்த பிறகு முன்பணம் கொடுங்கள்.