பிரண்டைக்கு நாலு பட்டை

எலே பேராண்டி, பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல நம்மூரு கீரை, கிழங்கு, காய் எல்லாத்தையும் வரையப் போறியாமே. நல்ல சோலிதான். சென்னை கண்ணகி நகர்ல 2020-ல அடுக்குமாடிச் சுவரெல்லாம் படம் எழுதுனதைப் போன்ல காட்டுனியே, எனக்கே மலைப்பா இருந்துச்சு. வாசுதேவநல்லூர் மட்டும் என்ன தொக்கா? தாராளமா வரை.

ஆனா, நீ எழுதி வச்ச காகிதத்தைப் பாத்தேன். பிரண்டைத் தண்டை உருண்டையா இழுத்து விட்டிருக்க. அது நாலு பட்டையாலா இருக்கும்? கணுவுக்குக் கணு ஒடுங்கி ஒடுங்கிப் போகும். தொவையலுக்குக் கிள்ளுனா கையரிக்கும். உன் படத்தை நாள் பூராத் தடவுனாலும் ஒருத்திக்கும் அரிக்காது. அடுத்தாப்புல பனை. பாளை நீட்டிக்கிட்டு நிக்க ஆண்பனையில நுங்குக் குலையைத் தொங்க விட்டிருக்க. தமிழ்நாட்டு மாநில மரம்லே அது! பனையேறி பாத்தான்னா பாளை அரிவாளோட உன்னைத் தேடி வந்துருவான்.

எங்கன பாத்து வரைஞ்சேன்னு கேட்டா, நெட்டுலங்க. வேலியில கெடக்கதைப் பாக்கதுக்கு என்னல கேடு?

திங்கிறதைக் கலையாக்குறது நீ வந்து ஆரம்பிச்சதுன்னு நெனைச்சிராத. நாயக்கர் காலத்து மண்டபத்துல அண்ணாந்து பாரு, தூணு உச்சிப் பொதிகையில வாழைப்பூ கவுந்து தொங்கும், கல்லுல. அந்தக் கல்தச்சன் வாழைப்பூவைத் தின்னுருப்பான், நெட்டுல தேடியிருக்க மாட்டான். நம்ம சிந்தாமணிநாதர் கோயிலுக்குத் தல விருட்சமே புளியமரம். சாமிக்கே குழம்புக் கவலை இருந்திருக்கு.

அதையும் விடு. அம்மன் கொடைக்கு உங்க ஆச்சி முளைப்பாரி போடுதாளே, என்னைக்காவது கூட ஒக்காந்து பாத்திருக்கியா? கரம்பை மண்ணும் காஞ்ச எருவும் சலிச்சுச் சட்டியில போடுவா. தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம்னு ஊறவச்சுத் தூவி, வெளிச்சம் படாத அறையில வச்சு அடைச்சிருவா. வெளிச்சம் இல்லைன்னா பயிருக்குப் பச்சை பிடிக்காது. வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுன்னு வளந்து, எலுமிச்சந்தொலி மாதிரி மஞ்சளா நிக்கும். ராத்திரியானா கும்மி. கொடை அன்னைக்குத் தலையில தூக்கி வருவாவ பாரு, ஊரே சட்டியைத்தான் பாக்கும். எவ சட்டி அடர்த்தி, எவ சட்டி சொட்டைன்னு. பக்தி பாதி, வெதைச் சோதனை பாதி. முளைக்காத வெதை எவ வீட்டுல இருக்குன்னு விதைப்புக்கு முந்தியே தெரிஞ்சு போகும். அந்த வீட்டுக்காரி மறுநாளே பக்கத்து வீட்டுல நாழி வெதை கடன் கேட்டு நிப்பா.

கடைசியில கொண்டுபோய்க் குளத்துல கரைச்சிருவாவ. நீ பத்து வருசம் நிக்கணும்னு எனாமல் பெயிண்டு தேடுத. அவ பத்து நாள்ல கரைச்சிட்டு அடுத்த வருசம் மறுபடி போடுதா. அதுக்கு வீட்டுல வெதை இருக்கணும்லா? உனக்கு டப்பா இருந்தாப் போதும்.

ஜப்பான்ல இனகடாத்தேன்னு ஒரு கிராமம். 1993-லேர்ந்து பல நிறத்து நெல்லை நட்டு வயலையே படமாக்குதாவ. கோபுரத்துல ஏறிப் பாக்கதுக்குக் கூட்டம் அம்முது. சீசன் முடிஞ்சா அறுத்துருவாவ. இந்தா குன்னூர் சிம்ஸ் பூங்காவுல மே மாசமானா பழத்தை அடுக்கியே உருவம் கட்டுதாவ. பாத்துட்டு வந்த உன் தங்கச்சி கேக்கா, "தாத்தா, கடைசியில அதை யாரு திம்பா?" நான் என்னத்தச் சொல்ல? கேள்வி சரியாத்தான இருக்கு.

சரி, உன்னை ஏசுதேன்னு முகத்தைத் தூக்காத. என் தெருச்சுவரு சும்மாத்தான் கெடக்கு. எலெக்சனுக்கு ரெண்டு வருசம் முந்தியே ஒவ்வொரு கட்சிக்காரனும் வந்து சுண்ணாம்பால பிடிச்சு வச்சிட்டுப் போறான். அதுல ஒரு எலுமிச்சை வரை. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல புவிசார் குறியீடு கெடைச்சாச்சுல்லா, மதிப்பு கூடிருக்கு. கொப்பு தாழக் காயைப் போடு, கஞ்சத்தனம் பண்ணாத. என் தோப்பு இந்த வருசம் வெறுமையாத்தான் நிக்கு. குத்தகைக்குக் கேக்க வாரவன் மொதல்ல சுவத்தைத்தான பாப்பான்? அதுக்குள்ள மோரைக் குடுத்து ஒக்கார வச்சு அட்வான்ஸ் பேசிருவேன். பெயிண்டு செலவு உன்னோடது.