தகடூர் நாட்டுக் கேடயங்கள்: ஒரு புளிச் சோதனை

பத்திரிகைத் தொழிலில் ஆயுள் முழுக்க உழைத்தவருக்குக் கடைசியில் என்னதான் மிஞ்சும் என்ற கேள்விக்கு, ஒன்றும் மிஞ்சாது என்பதே ஊரார் சொல்லும் பதில். ஊரார் அவசரப்படுகிறார்கள். பழைய தகடூர் நாடான தருமபுரி மாவட்டத்தில் முப்பது வருஷம் நிருபராகவோ சப்-எடிட்டராகவோ இருந்து ஓய்ந்தவர் வீட்டுக்குப் போனால், கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். மேல் தட்டில் கேடயங்கள், நடுத்தட்டில் பேரப்பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, கீழ்த்தட்டில் பிரிக்காத பொன்னாடைகள். இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் இந்த அலமாரியை ஆய்வுப்பொருளாக ஏற்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வு எல்லை. மேற்கே ஒகேனக்கல், கிழக்கே அரூருக்கு அப்பால் தீர்த்தமலை. வடக்கு எல்லையில்தான் ஒரு பேரிழப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. 1922-இல் காந்தி சிறையில் இருந்தபோது 'யங் இந்தியா'வைக் கவனித்துக்கொண்டவரும், 1929-இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையைக் கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடத்தியவருமான ராஜாஜி, ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1954-இல் அவருக்குப் பாரத ரத்னா. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தபோது தொரப்பள்ளியும் கூடவே வந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபோது கூடவே போய்விட்டது. ஆக, ஒரு பாரத ரத்னா முப்பத்தெட்டு வருஷம் நம் கணக்கில் இருந்து, ஒரே அரசாணையில் பக்கத்து மாவட்டக் கணக்குக்கு மாறிவிட்டது. அந்த விருது பத்திரிகை நடத்தியதற்காகக் கொடுத்ததல்லவே என்று யாராவது கேட்கலாம். மாவட்டப் பெருமை பேசுகிற இடத்தில் அப்படியெல்லாம் கேட்பது முறையல்ல.

இனிப் பொருளியல் பகுப்பாய்வு. கேடயம் என்பது மரப்பலகை போலத் தோன்றும் ஒன்றின் மேல், பித்தளை போலத் தோன்றும் ஒன்றை ஒட்டி, அதன் மேல் பெயர் போலத் தோன்றும் ஒன்றை அச்சிட்டுக் கொடுப்பது. தருமபுரி நான்கு ரோட்டில் பஸ் ஏறும் ஒருவர் இதைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனால், அவர் விருது வாங்கியவரா, போட்டோவுக்கு ஃப்ரேம் போட்டவரா என்று கண்டக்டரால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பலகையின் உண்மையை அறிய மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் ஓரம் பொம்மிக்கொண்டு தூள் உதிரும். தகட்டின் உண்மையை அறிய நம் மாவட்டத்திலேயே விளையும் புளி போதும்.

இந்தப் புளிச் சோதனையைக் கண்டுபிடித்த பெருமை ஓர் இல்லத்தரசிக்குச் சேர வேண்டும். பென்னாகரம் சாலையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சப்-எடிட்டர் ஒருவரின் மனைவி, பொங்கலுக்கு முந்தின நாள் குத்துவிளக்கோடு சேர்த்துக் கேடயங்களையும் திண்ணையில் பரப்பி, ஊறவைத்த புளியைப் போட்டுத் துலக்கியிருக்கிறார். குத்துவிளக்கு பளபளத்தது. 'சிறந்த இதழியல் பணிக்காக' என்று இருந்த கேடயத்தில் முதலில் 'சிறந்த' போயிற்று. அடுத்த தேய்ப்பில் மஞ்சள் நிறமும் போய் உள்ளே வெள்ளையாகத் தகரம் தெரிந்தது. "ஏங்க, இது பித்தளையே இல்லைங்க" என்று குரல் கொடுத்திருக்கிறார். உள்ளேயிருந்து அவர், "அது எனக்கு வாங்கும்போதே தெரியும்" என்றாராம். முப்பது வருஷம் டெஸ்கில் உட்கார்ந்தவருக்கு மேல்பூச்சு எது, சரக்கு எது என்று தெரியாமலா போகும்!

பொன்னாடையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அது போர்த்துவதற்காக நெய்யப்படுவதல்ல, போர்த்தும்போது படம் எடுப்பதற்காக நெய்யப்படுவது. மார்கழிக் குளிரில் அதைப் போர்த்திப் படுத்தவர் எவரும் இரண்டாம் முறை படுத்ததில்லை. ஆகவே அது வீட்டில் தங்குவதில்லை. அடுத்த கல்யாணம், அடுத்த பணி ஓய்வு விழா என்று தோள் மாறிப் போய்க்கொண்டே இருக்கும். தான் போர்த்திய பொன்னாடையே தன் தோளுக்குத் திரும்பி வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. மடிப்புக்குள் விலைச் சீட்டு அப்படியே இருந்ததாம்.

இனிக் கோட்பாடு. இவ்வாய்வு முன்வைக்கும் விதி இதுதான்: விருது எவ்வளவு காலம் கெடாமல் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் மறக்கப்படும்.

முதல் சான்று தகடூரிலேயே இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஒளவைக்குக் கொடுத்தது ஒரே ஒரு நெல்லிக்கனி. ஷோகேஸில் வைத்திருந்தால் ஒரு வாரத்தில் சுருங்கியிருக்கும். ஒளவை தின்றுவிட்டார். புறநானூற்று 91-ஆம் பாட்டு அதைச் சொல்லிவைத்ததால் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக நாம் அந்தக் கனியைப் பேசிக்கொண்டிருக்கிறோம். உண்டால் ஆயுள் கூடும் என்பது நம்பிக்கை. வாழ்நாள் சாதனை விருது என்ற பெயரில் கொடுத்தவற்றில் வாழ்நாளை நீட்டிக்க முயன்றது அது ஒன்றுதான். மற்றவை வாழ்நாள் முடிகிற சமயம் பார்த்து வரும். சில முடிந்த பிறகு வரும். பத்திரிகை ஆசிரியராகவே வாழ்ந்த கல்கி 1954 டிசம்பரில் காலமானார். 'அலை ஓசை'க்குச் சாகித்ய அகாதெமி விருது 1956-இல் வந்தது.

ஒளவையைப் புலவர் வரிசையில் மட்டும் வைப்பது தமிழாசிரியர்களின் பழக்கம். அவர் எதிரி நாட்டுக்கே நேரில் போய்ப் பார்த்து வந்து சொன்ன செய்தியாளர். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனபோது அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஒளவை பார்த்ததைச் சொன்னார்: இங்கே வேல்களுக்கு மாலை போட்டு, எண்ணெய் பூசி, காவலும் வைத்திருக்கிறீர்கள், எங்கள் ஆள் வேலெல்லாம் பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றில் 95-ஆம் பாட்டு இது. தமிழில் ஷோகேஸைப் பற்றி எழுதப்பட்ட முதல் விமர்சனம் இதுவே என்பது இவ்வாய்வின் துணிபு. ஒரு வார்த்தை திட்டவில்லை, அடைமொழியும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி வரிசைப்படுத்தியதிலேயே தொண்டைமான் கதை முடிந்தது. எந்தச் செய்தி ஆசிரியரும் அதில் ஒரு சொல்லை வெட்டியிருக்க முடியாது.

இரண்டாம் சான்று பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1908-இல் பேச்சுக்காகச் சிறை போய், 1912-இல் நோயோடு வெளியே வந்தார். வந்தவர் ஓய்வெடுக்கவில்லை, 1913-இல் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கினார். பாரதி அதில் எழுதினார். அரசாங்கம் சிவாவுக்கு ஒரு தனிச் சிறப்பும் செய்தது: தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றது. ஆகவே நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று 1923-இல் சித்தரஞ்சன் தாஸை வரவழைத்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-இல் அங்கேயே இறந்தார். இன்று அங்கே மணிமண்டபம் இருக்கிறது, பாரத மாதா நினைவாலயமும் எழுந்துவிட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு கேடயம்கூட வாங்கியதாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் கேலி செய்ய எனக்குக் கை வரவில்லை. அடுத்த பத்திக்குப் போகிறேன்.

அக்காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்குப் பண முடிப்பே கிடையாது என்று சொல்ல முடியாது. இருந்தது, கொடுக்கும் திசைதான் வேறு. 1910-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பத்திரிகை நடத்துபவர் சர்க்காருக்கு ஜாமீன் கட்ட வேண்டும். 1916-இல் அன்னி பெசன்ட் 'நியூ இந்தியா'வுக்காக 2,000 ரூபாய் கட்டினார். சர்க்கார் அதைப் பறிமுதல் செய்துகொண்டு 10,000 கேட்டது. ஓர் எழுத்தின் வலிமையை ரூபாயில் இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்ட நடுவர் குழு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதுவும் விண்ணப்பமே வாங்காமல்.

இதுவரை எழுத்தாளரையும் நிருபரையும் பற்றியே பேசிவிட்டோம். எடிட்டிங் என்ற வேலைக்கு விருது கொடுப்பதில் உள்ள தத்துவச் சிக்கல் தனி. நிருபர் தான் எழுதியதைக் காட்டலாம். சப்-எடிட்டர் எதைக் காட்டுவார்? அவருடைய ஆகச் சிறந்த வேலை என்பது பேப்பரில் வராமல் போன தப்பு.

நம் மாவட்டத்தையே பாருங்கள். பாப்பாரப்பட்டி தருமபுரிக்கு மேற்கே, பாப்பிரெட்டிப்பட்டி தென்கிழக்கே. வெளியூர் டெஸ்கில் ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டும் ஒன்றுதான். 'பாப்பி' என்று அடிப்பதற்குள் கை மற்றதற்குத் தாவிவிடும். பென்னாகரம் சாலைப் பெரியவரின் முப்பது வருஷத்தில் எத்தனை பஸ் விபத்துகள் மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இடம் மாறாமல் நின்றிருக்கும்! எத்தனை வீடுகளில் அநாவசியமாக ஒப்பாரி எழாமல் இருந்திருக்கும்! சிவாவே இரண்டு மூன்று தடவை பாப்பிரெட்டிப்பட்டியில் காலமாகப் பார்த்தாராம். இவர்தான் சிவப்பு மசியால் இழுத்துக் கொண்டுவந்து பாப்பாரப்பட்டியில் சேர்த்தாராம். அந்தப் புரூஃப் தாள்கள் மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போய், போண்டா மடிக்கப் பயன்பட்டன. நடுவர் குழுவுக்கு என்னத்தை அனுப்புவது?

இது தருமபுரிக்கு மட்டுமான குறையல்ல. அமெரிக்காவில் 1917 முதல் கொடுக்கப்படும் புலிட்சர் பரிசில், தலையங்கம் எழுதியவருக்கு உண்டு, கார்ட்டூன் போட்டவருக்கு உண்டு, படம் எடுத்தவருக்கு உண்டு. பிழை திருத்தியவருக்கு என்று பிரிவு இல்லை. 1981-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் ஜேனட் குக் எட்டு வயது ஹெராயின் அடிமை ஒருவனைப் பற்றி எழுதிப் புலிட்சர் வாங்கினார். அப்படி ஒரு பையனே இல்லை. விருது அறிவித்த பிறகு வெளியான அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படித்து, படிப்பு விவரம் உதைக்கிறதே என்று முதலில் கண்டுபிடித்தவர்கள், அவர் முன்பு வேலை பார்த்த 'டொலீடோ பிளேடு' பத்திரிகைக்காரர்கள். சில நாளிலேயே பரிசு திரும்பிப் போயிற்று. உலகப் புகழ்பெற்ற பரிசையே ஒரு பயோடேட்டாவை ஒழுங்காகப் படித்ததால் கவிழ்த்தவர்களுக்கு அந்த வருஷம் என்ன கொடுத்தார்கள்? வழக்கம்போல மறுநாள் ஷிஃப்டுதான் கொடுத்திருப்பார்கள்.

விதிக்கு விலக்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழக அரசு கலைஞர் எழுதுகோல் விருது என்று 5 லட்சம் ரூபாயும் சான்றிதழும் கொடுக்கிறது. 2021-க்கான முதல் விருது, 'தினத்தந்தி'யில் பல்லாண்டு ஆசிரியர் பணி பார்த்த ஐ. சண்முகநாதனுக்குப் போயிற்று. டெஸ்க்காரர்கள் மத்தியில் அன்று ஒரு சின்ன நிமிர்வு தெரிந்தது. மறுபுறம் பத்ம விருதுகளின் சங்கதி வேறு: அவற்றைப் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. ஃப்ளெக்ஸ் அடிப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நகல் இன்னும் கிடைக்கவில்லை.

பெரியவரின் ஷோகேஸில் எனக்குப் பிடித்த கேடயம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு சங்கம் கொடுத்தது. 'மூத்த செய்தியளர்' என்று அச்சாகியிருக்கிறது. மேடையில் வாங்கியவர் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, 'ய'வுக்குப் பக்கத்தில் ஒரு கூரைக்குறி போட்டு, மேலே ஒரு கால் எழுதி, ஓரத்தில் தன் இனிஷியலையும் போட்டுவிட்டார். புளிக்குத் தப்பிய கேடயம் அது ஒன்றுதான். பிழை போய்விடும் என்று மனைவியை அதைத் துலக்க விடவில்லை.

இவ்வாய்வின் பரிந்துரை: தகடூரில் பிழை திருத்துவோருக்கென ஒரு விருது நிறுவப்பட வேண்டும். பரிசு, ஆளுக்கு ஒரு நெல்லிக்காய், மேடையிலேயே தின்றுவிட வேண்டும். உப்பு விழாக்குழு கொடுக்கும். விண்ணப்பிப்போர் தம் பணிக்காலத்தில் அச்சேறாமல் தடுத்த பிழைகளை, அவை அச்சேறவில்லை என்பதற்கான அச்சுச் சான்றுடன், மூன்று பிரதிகளில் அனுப்ப வேண்டும். ஊர்ப்பெயர் பாப்பாரப்பட்டியா பாப்பிரெட்டிப்பட்டியா என்பதை உறையின் மேல் தெளிவாகக் குறிப்பிடவும்.