யமஹா, மார்ட்டின், விக்கிரவாண்டி வெயில்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் கிட்டார் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எது நல்ல கிட்டார் என்று சொல்பவர்களைத் தேட வேண்டியதில்லை, அவர்களே வருவார்கள். எனக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர் ரீசார்ஜ் கடைக்காரர், ஒருவர் ஓய்வுபெற்ற சர்வேயர், ஒருவர் கல்யாணங்களுக்குத் தவில் வாசிப்பவர். தவில்காரர் மட்டும்தான் "எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தாரே ஒழிய நிறுத்தவில்லை.

விவகாரம் இதுதான். திண்டிவனத்தில் இருக்கும் அக்கா மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். "என்னம்மா வேணும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். "கிட்டார் மாமா" என்றாள். தாய்மாமன் உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. காது குத்துக்கு மடி கொடுத்ததில் ஆரம்பிக்கிற செலவு அது. அக்கா பெருந்தன்மையாக, "உன் இஷ்டம் தம்பி, பாத்து வாங்கு" என்றாள். அதாவது பணம் என்னுடையது, குறை சொல்லும் பாத்தியதை அவர்களுடையது.

"யமஹா வாங்கிடு மச்சான், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். அவருக்குக் கிட்டார் தெரியாது. ஒரு காலத்தில் ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தார். 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் சைலன்சர் சத்தத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் ஒலக்கூர் தாண்டித்தான் நிறுத்துவார். ஆனால் மனிதர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. யமஹா முதலில் இசைக்கருவிக் கம்பெனிதான். தொரகுசு யமஹா என்பவர் பழுதான ஆர்கன் ஒன்றைச் சரிசெய்யப் போய், 1887-ல் தானே ஒன்று செய்து பார்த்ததில் தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்கென்று தனிக் கம்பெனி வந்தது 1955-ல். பெட்ரோல் டாங்கில் மூன்று கம்பிகள் குறுக்கே நிற்கிற வட்டச் சின்னம் இருக்கிறதே, அவை சுருதி பார்க்கும் இசைக்கவைகள். தென்னாற்காடு முழுக்க மூன்று இசைக்கவைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை ஊர் சுற்றியிருக்கிறது, ஒருவருக்கும் சுருதி சேரவில்லை.

அக்கா மகளுக்கு வேண்டியது ஆர்.எக்ஸ். அல்ல, யமஹாவின் எஃப் 310 கிட்டார். இந்தியாவில் கிட்டார் கற்க ஆரம்பித்தவர்கள் பலரின் கை படிந்த மாடல் இது. ஓசையில் பெரிய அழகு என்று சொல்ல மாட்டேன். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் ஒன்றையொன்று முந்தாமல் ஒரே அளவில் பேசும். சம்பந்தி வீட்டில் முதல் தடவை சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு அடக்கம். கம்பி ஓடுகிற நீளம் 634 மில்லிமீட்டர். பெரிய அமெரிக்கக் கிட்டார்களில் இது 645 அளவில் இருக்கும். பதினொரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நீளம் குறைந்தால் அதே சுருதிக்குக் கம்பியை அவ்வளவு இறுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் விரலுக்கு அது பெரிய தள்ளுபடி.

இருந்தாலும் ஒரு கடையாவது பார்க்காமல் வாங்கினால் தாய்மாமனுக்கு மரியாதை இல்லை. விழுப்புரத்தில் ஒரு கடை. கீழே கேரம் போர்டு, நடுத்தட்டில் ஆண்டு விழா ஷீல்டு, மேலே பிளாஸ்டிக் உறையோடு தொங்கும் கிட்டார்கள். பெரும்பாலும் கல்கத்தா சரக்கு. நம் நாட்டில் கிட்டார் செய்யும் தொழில் பல காலமாக அங்கேதான் வேரோடியிருக்கிறது. சபைப் பாடகர்களும் மெல்லிசைக் குழுக்காரர்களும் முதன்முதலில் கையில் எடுத்தது பெரும்பாலும் அந்த ஊர்க் கிட்டாரைத்தான். பெயர் வைப்பதில் அவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. கிவ்சன் என்று ஒரு பிராண்டு. கடைக்காரர் விளக்கினார்: "கிப்சன் அமெரிக்கா சார், இது கிவ்சன். நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்கு அவன் எவ்ளோ வாங்குறான் தெரியுமா?"

கூட வந்தவர் அக்கா வீட்டுப் பக்கத்துச் சபையில் கிட்டார் வாசிப்பவர். எல்லோரையும் பிரதர் என்பார். கடையிலிருந்த ஒரு கிட்டாரை, கம்பெனி ஸ்டிக்கரே கோணலாக ஒட்டியிருந்த ஒன்றை, இறக்கச் சொன்னார். வாசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்தார். ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் ஓரம் இருக்குமே, அதை அரம் வைத்துத் தேய்த்தே எடுத்திருந்தார். கழுத்தில் குறுக்கே பதித்த பட்டைகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதன் மேல் ஸ்கேலை நிற்க வைத்து, ஆறாவது கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "நாலரை மில்லி பிரதர். ரெண்டரை இருந்தா போதும். இதுல ஒத்த விரல்ல எல்லாக் கம்பியையும் அமுக்குற எஃப் கார்டு புடிக்கச் சொன்னா புள்ள ஒரே மாசத்துல கீபோர்டுக்கு மாறிடும்."

கம்பி நிற்கிற இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். கம்பி உயரமாக இருந்தால் அழுத்தமாக அழுத்த வேண்டும். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். வாசிக்கிற பிள்ளை தனக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். நம் ஊரில் கிட்டார் கற்றுக்கொள்வதை விட்டவர்கள் ஏராளம். அவர்களில் பாதிப் பேரையாவது விடவைத்தது இந்த இரண்டு மில்லிமீட்டர்தான் என்பது என் கட்சி.

பிரதரின் வீட்டில் வைத்தியத்தையும் பார்த்தேன். பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டு ஒன்று உண்டு, சேடில். கம்பியைத் தளர்த்தி, குறடால் அதை மெல்லப் பிடுங்கி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். உப்புத்தாளை மொசைக் தரையில் விரித்து, அதன் மேல் துண்டைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லி இறங்க வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லி தேய்க்க வேண்டும். "கொஞ்சம் கூடத் தேச்சா போச்சு பிரதர், கம்பி கரகரங்கும். வேற துண்டுதான் போடணும்." வெள்ளைத் தூளை ஊதிவிட்டு, திரும்ப மாட்டி வாசித்தார். அவர் பக்கத்துத் தெருப் பையனுடைய மூவாயிரம் ரூபாய்க் கிட்டார் அது. என்ன கம்பெனி என்று கேட்கத் தோன்றவில்லை.

இதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். அக்கா வீட்டுக்காரர் விடவில்லை. "ஒஸ்தி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடுவோம்." பிரதரையும் கூட்டிக்கொண்டு சென்னை அண்ணா சாலைக்குப் போனோம். 1842-ல் மிஸ்குவித் என்ற பெயரில் ஆரம்பித்து மியூசி மியூசிக்கலாக நிற்கும் கடை இருக்கிற சாலை அது; பார்க்க மட்டும் வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய சாலை. ஒரு கடையில் பெரிய பெயர்களை எல்லாம் இறக்கி வைத்தார்கள்.

"மார்ட்டின் சார், நாசரேத்ல பண்றது" என்றார் விற்பனையாளர். அக்கா வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "நம்ம தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தா?" இல்லை, பென்சில்வேனியா நாசரேத். ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து போன கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் மார்ட்டின் 1833-ல் தொடங்கிய கம்பெனி. இன்று கிட்டார் என்றதும் நமக்குத் தோன்றும் அகலமான உருவம், ட்ரெட்நாட், 1916-ல் அவர்கள் செய்ததுதான். அந்தக் காலத்து இங்கிலீஷ் போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். கப்பல் உடைந்து இரும்பாகிவிட்டது, கிட்டார் நிற்கிறது.

நம் பிரதர் வாசித்தார். மார்ட்டினின் அடிக்கம்பி காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் பட்டது. விட்ட பிறகும் நெடுநேரம் நின்றது. கிப்சன் ஜே 45 வேறு சுபாவம். ஓசை உலர்ந்தது, சீக்கிரம் அடங்கிவிடும், பாடுகிறவரின் குரலுக்கு வழிவிடும். 1942 முதல் பாட்டுக்காரர்கள் அதைக் கட்டிக்கொண்டு திரிவது அதனால்தான். டெய்லர் 1974-ல் கலிஃபோர்னியாவில் முளைத்த கம்பெனி. கழுத்து ஒல்லி, கம்பி தாழ்வு, மேல் கம்பிகள் பளிச்சென்று பேசும். கைக்குச் சுகம் டெய்லர், காதுக்கு மார்ட்டின், பாட்டுக்குக் கிப்சன். இது என் தீர்ப்பு. இலவசமாக உட்கார்ந்து கேட்டவனின் தீர்ப்பு. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த அக்கா வீட்டுக்காரர், "மயிலத்துல மனைக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்று சொல்லி அதைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார்.

அங்கே எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்த மார்ட்டினின் முதுகும் விலாவும் நம் ஊர் ஈட்டி மரம்! முன்பெல்லாம் பிரேசில் மரம்தான் போட்டார்கள். பிரேசில் மரத்தை உருட்டுக்கட்டையாக வெளியே விடுவதை நிறுத்தியதும், 1969 வாக்கில் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்து, கப்பலேறி, நாசரேத்தில் கிட்டாராகி, அண்ணா சாலைக்கு வந்து நம்மைப் பயமுறுத்துகிறது.

சரி, அந்த மரத்துக்காகவாவது காசு கொடுக்கலாமா? 2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரே கைவினைஞரிடம் ஒரே மாதிரி ஆறு கிட்டார் செய்யச் சொன்னார்கள். முதுகுக்கும் விலாவுக்கும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார்க்காரர்களைக் கூப்பிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணில் வெல்டிங் கண்ணாடியை மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். விலை அதிகமான மரத்துக்கும் குறைவான மரத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் இல்லை. கம்பி ஏறி நிற்கிற முகப்புப் பலகைதான் ஓசையில் பெரும்பங்கு. முதுகு மரத்துக்குக் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு கண்ணுக்குக் கொடுப்பது.

சர்வேயர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மரம் பழசாகப் பழசாகத்தான் நாதம் வரும்" என்றார். முகப்புப் பலகை விஷயத்தில் கிட்டார்க்காரர்கள் பலரும் இதையே சொல்வார்கள். அப்படியென்றால் உலகத்திலேயே உசத்தியான சரக்கு எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதுகிற திருவக்கரையில், புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கிற கல்மரங்கள் இருக்கின்றன. இரண்டு கோடி வருஷத்துப் பழசு. ஒரே சங்கடம், அவை கல்லாகிவிட்டன. தட்டிப் பார்க்கவும் விட மாட்டார்கள்.

மரம் என்று பேச்சு வந்ததால் வெயிலைச் சொல்லியாக வேண்டும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதம் வரை இருக்கட்டும் என்று கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. ஐப்பசி அடைமழையில் இதை விழுப்புரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? ஈரம் ஏறினால், அடுக்கி ஒட்டாத முழுப்பலகை உப்பும், பிரிட்ஜ் எழும், ஆக்‌ஷன் கூடும். கத்திரி வெயிலில் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கிற காரின் டிக்கியில் கிட்டார் இருந்தால் ஒட்டிய பசையே இளகும். லட்ச ரூபாய்க் கிட்டார் வாங்கினால் அதற்கு ஏசி அறை ஒதுக்கிவிட்டு, குடும்பம் மொட்டை மாடியில் படுக்க வேண்டும். ஒட்டுப்பலகைக் கிட்டார் இந்த இம்சையை நன்றாகவே தாங்கும். எஃப் 310-ன் முகப்பு ஒட்டுப்பலகைதான். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் குளிரூட்டிய வீட்டிலிருந்து பேசுகிறார்கள். அப்படியொரு வீடு உங்களுக்கும் இருந்தால் முழுப்பலகை போட்ட யமஹா எஃப்ஜி 800 வாங்குங்கள். நாதம் கூடுதல்தான், மறுக்கவில்லை.

தமிழ்நாட்டில் கிட்டார் வாங்க வருகிறவர்கள் கடையில் வாசித்துப் பார்ப்பது 'இளைய நிலா'வின் ஆரம்பத்தைத்தான். அதற்கு மேல் யாரும் போவதில்லை. கடை ஊழியர்களின் பொறுமைக்கு அரசு விருது கொடுக்கலாம். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக அதை வாசித்தவர் சந்திரசேகர். இத்தனை வருஷமாக அந்த வாசிப்பைக் கேட்டு உருகும் எங்கள் அக்கா வீட்டுக்காரர், அது எந்தக் கம்பெனிக் கிட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எஃப் 310-தான் வாங்கினோம். அதில் கனம் குறைந்த கம்பி மாட்டி, சேடிலைப் பிரதர் தேய்த்துக் கொடுத்தார். பிள்ளை எஃப் கார்டு பிடிக்கிறாள். இந்த வழித்தடத்தில் பிள்ளைக்குக் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் எந்த நல்ல பெயரையும் வாங்குங்கள், கையோடு ஸ்கேல் கொண்டு போங்கள், கொஞ்சம் காசை ஆக்‌ஷன் இறக்குவதற்கு மிச்சம் வையுங்கள்.

ஆனால் இறக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமே? பிரதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாளில் வேலை. சேடில் தேய்க்கவும், ஃப்ரெட் சீவவும், கழுத்து வளைவை நிமிர்த்தவும் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு சின்னக் கடை போடுங்கள். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமிருந்தும் ரயில் வருகிறது. போணிக்கு நாங்கள் இருக்கிறோம்.