தார் வேண்டாம், தயவுசெய்து

தார்ச்சாலை கேட்டு மனுக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். இத்தாலியின் டஸ்கனியிலோ, போடாதீர்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கியாந்திக் குன்றுகளின் வெள்ளைச் சரளைச் சாலைகளைக் காப்பாற்ற 1997இல் கயோலேயில் தொடங்கியது ‘லெரோய்கா’ சைக்கிள் ஓட்டம். 1987க்கு முந்தைய சைக்கிள், அல்லது அந்தக் காலத்துப் பாணியில் செய்தது, கம்பளி ஜெர்சி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே புழுதி. தாகத்துக்கு வழியில் ஒயினும் உண்டு, ஆகவே தியாகம் என்று சொல்ல முடியாது.

பழமை பிடிக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது சரளைச் சாலைக்கென்றே செய்த கிராவல் சைக்கிள்: 40 மில்லிமீட்டர் டயர், கார்பன் சட்டம், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிவிடக்கூடிய விலை. அந்தப் புழுதியை அன்றாடம் இலவசமாகத் தின்கிற விவசாயி ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்.

“கார்களே இல்லாத சொர்க்கம்!” என்கிறார்கள், கார் கூரையிலிருந்து சைக்கிளை இறக்கியபடி.