நாலாவது பெட்டி

அப்புனு, நீ அனுப்பிச்ச படத்தைக் கண்ணாடி போட்டு ஒருவாட்டி, கழட்டிப்போட்டு ஒருவாட்டி பாத்தேன். டெக்சாஸ்ல பிக்கப் வண்டி முதுகுல கேம்ப்பர் வீட்டை ஏத்திட்டு ஊர் ஊராச் சுத்தப் போறியாமா. நல்ல காரியம். நம்ம நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி ஒசரம் நிக்கறாரு, இன்னைக்கு வரைக்கும் கூரை கேக்கலை. நீ அஞ்சே முக்கால் அடி. உனக்கு வண்டி மேல கூரை, கட்டில், அடுப்பு. இருக்கட்டும். அவரு மலையைத் தூக்கினாரு, நீ வீட்டைத் தூக்கறே. என்ன, அவரு டூல் பாக்ஸ் வெக்கலை.

பிக்கப் முதுகுல கம்பெனி வெச்ச சரக்குத் தொட்டியைக் கழட்டிட்டு, தட்டையா ஒரு பிளாட்பாரம் நீயே செஞ்சு, நாலு பெட்டி வெக்கறதுக்கு எங்கிட்ட யோசனை கேக்கறே. எனக்கென்ன கண்ணு தெரியும்? லாரிப் பட்டறையில 38 வருசம் தீப்பொறி பாத்ததுதான். நீ யூடியூப்ல 38 நிமிசம் பாத்திருக்கே. கேட்ட தோசத்துக்குச் சொல்றேன்.

கழட்டின தொட்டியைக் கொல்லையில போட்டுத் துருப்பிடிக்க விட்டுராதே. நசுங்காத தொட்டிக்கு அங்க கிராக்கி உண்டு. வித்த காசுல இரும்பு வாங்கு. கழட்டறப்ப போல்ட்டை மட்டும் பாத்துட்டுத் தூக்கிறாதே. டீசல் ஊத்தற வாய் தொட்டியோட சேந்திருக்கும், பின்லைட்டு வயரும் இருக்கும். மறந்து தூக்கினா, மிச்சம் பண்ணின காசு தரையில சிந்தும்.

செக்கர் பிளேட்டு 3 மில்லி, 8 அடிக்கு 7 அடின்னு எழுதியிருக்கே. கெட்டியா இருக்கோணுமாமா. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, மில்லிக்கு 7.85 கிலோ. பெருக்கிப் பாத்தியா? தகடு மட்டுமே 120 கிலோவுக்கு மேல. நம்ம பெரிய மாமனை மல்லாக்கப் படுக்க வெச்சு, அவரு வயித்து மேல வீட்டை ஏத்தற கணக்கு. அடியில சேனல், பக்கத்துல பெட்டி, இதெல்லாம் தனி. அலுமினியம்னா எடை மூணுல ஒரு பங்கு. விலையைக் கேட்டா உனக்கு நெஞ்சு அடைக்கும், அதனால கேக்காதே. இரும்பையே மெலிசாப் போட்டு, அடியில குறுக்குச் சட்டத்தை நெருக்கி வை.

டிரைவர் கதவுத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சரக்கும் சேந்து இத்தனைக்கு மேல ஏத்தாதேன்னு கிலோவுலயும் பவுண்டுலயும் போட்டிருப்பான். கழட்டின தொட்டியோட எடையை அதுல கூட்டு, நீ செய்யறதைக் கழி. மிச்சம்தான் உன்னோட சொத்து. கேம்ப்பர்க்காரன் சொல்ற எடையை மாப்பிள்ளை வீட்டுல சொல்ற வயசு மாதிரி எடுத்துக்க. பெரும்பாலும் தண்ணி நெரப்பாத எடை. 30 காலன் தண்ணி ஊத்தினா 113 கிலோ ஏறிப்போகும். எல்லாத்தையும் ஏத்தி ஒரு எடைமேடையில நிறுத்திப் பாத்துரு. அந்த வீட்டோட கனம் நிக்கற புள்ளி பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால விழோணும். பின்னால போச்சுன்னா முன்சக்கரம் பாரமில்லாம லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேக்காது.

இனி வெல்டிங். யு போல்ட்டுக் காசை மிச்சம் பண்ணி, லாரிப் பாடியைச் சேசிஸ்லயே நேரா வெல்டிங் வெச்சுக் குடுன்னு ஒரு மகராசன் வந்தான். நானும் வாலிபத் திமிர்ல வெச்சுக் குடுத்தேன். நாலே மாசம். கொல்லிமலையில மரவள்ளிக் கிழங்கு ஏத்தி, 70 கொண்டை ஊசி வளைவும் எறங்கி, வண்டி எங்கிட்டயே திரும்பி வந்துச்சு. அடியில படுத்துப் பாத்தேன். வெல்டிங்கை ஒட்டினாப்புல தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. அழுக்குன்னு தொடைச்சேன், போகலை. நகத்தை வெச்சேன், நகம் மாட்டுச்சு. பள்ளம் மேடுல சேசிஸ் முறுக்கிக் குடுக்கோணும். அதைப் புடிச்சு வெல்டிங்ல கட்டிப்போட்டா, சூடு பட்ட எடத்துல விட்டுரும். அதனால பழைய தொட்டி உக்காந்த ஓட்டையிலயே போல்ட்டைப் போடு, நடுவுல கெட்டி ரப்பர் பட்டை வை. அந்த மகராசன் என்னைத் திட்டின திட்டை இங்க எழுத முடியாது.

தொட்டியில உக்கார்ற கேம்ப்பருக்கு அடிப்பாகம் குறுகல், மேல ரெண்டு பக்கமும் றெக்கை. பிளாட்பாரத்துல ஏத்தினா றெக்கைக்கு அடியில எடம் சும்மா கெடக்கும். பெட்டியை அங்க வெக்கறேன்னியே, அது புத்திசாலித்தனம். (புகழ்றேன்னு பூரிச்சுப் போயிராதே.) ஆனா எறக்கி வெச்ச கேம்ப்பர் தன்னோட ஜாக்கிக் கால்ல நிக்கறப்ப, வண்டியை ரிவர்ஸ்ல அடியில விடோணுமில்ல? பெட்டியோட மூலை அந்தக் காலுல இடிக்குமான்னு டேப் புடிச்சியா? பக்கத்துல தொறக்கற கதவுக்குக் கீலை முன்பக்கம் வை. ஓட்டத்துல தாழ்ப்பாள் விட்டாலும் காத்தே மூடிரும். கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு அடியில ஓட்டை வேணும்; அந்தக் கேஸ் காத்தை விடக் கனம், கீழதான் தேங்கும். உன்னோட 7 அடி அகலம் 84 அங்குலம். 80 தொட்டாலே அங்க ஓரத்துக்கும் மேலயும் தனி விளக்கு கேப்பாங்க.

முதல் பெட்டி சாமான், ரெண்டாவது கயிறு சங்கிலி, மூணாவது சமையல்னு எழுதியிருக்கே. நாலாவதுல என்னன்னு எழுதலை. நீ ஆகாதுன்னு எதையும் வெளிய போட்ட பையன் இல்ல, எனக்குத் தெரியும். அதனால அந்தப் பெட்டியை நல்லாவே செய், பெயிண்ட் அடி, பூட்டுப் போடு. சாவியை மட்டும் எனக்குத் தபால்ல அனுப்பிரு.